வேடியப்பன் யார்?

நம் தேசத்தாருக்குச் சரித்திர உணர்ச்சியே கிடையாது என்று மேல்நாட்டு ஆசிரியர்கள் பலர் ஒரு காலத்தில் எழுதி வந்தார்கள். கிரேக்கர்கள் சரித்திரம் எழுதினார்களாம், சீனர்கள் எழுதினார்களாம், இந்தியர்கள் மட்டும் புராணம் கேட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்களாம். நம்மவர்களிலும் படித்தவர்கள் சிலர் இதைக் கேட்டு, "ஆமாம், ஆமாம்" என்று தலையை அசைத்தார்கள். திருவண்ணாமலையிலிருந்து மேற்கே செங்கம், ஊற்றங்கரை, தருமபுரி என்று போகும் பாதையில் இவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு நடந்திருப்பார்களானால், இப்படிச் சொல்லுமுன் சற்று யோசித்திருப்பார்கள். அந்தப் பிரதேசத்தில் காட்டோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் வயல் நடுவிலும் சரித்திரம் கல்லாகி நிற்கிறது. அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துப் பொங்கலும் இடுகிறார்கள்.

காட்டோரத்துச் சாமி

நேயர்கள் அந்தப் பக்கம் போகும்போது ஏதாவது ஒரு கிராமத்தில் இறங்கி, ஊர்க் கோடியில் இருக்கும் மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். கோபுரம் இராது, மதில் இராது. மரத்தின் வேரோடு வேராக ஒரு பலகைக் கல் ஊன்றியிருக்கும். எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்துப் போயிருக்கும். எதிரே மண்ணால் செய்த குதிரைகளும், சில இடங்களில் மண் நாய்களும் வரிசையாக நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் தாண்டிக் கூர்ந்து நோக்கினால், கல்லில் ஒரு மனித உருவம் தெரியும். இடது கையில் வில்; வலது கையில் வாள் அல்லது குறுவாள். கால்களை அகற்றி வைத்துக்கொண்டு, இப்போதுதான் யாரோ எதிரில் வந்துவிட்டது போல் அந்த உருவம் நிற்கும்.

"இது எந்தச் சாமி?" என்று கேளுங்கள்.

"வேடியப்பன் சாமிங்க" என்று பதில் வரும்.

"வேடியப்பன் என்றால் யார்?" என்று மேலும் கேட்டீர்களானால், பதில் சொல்பவர் உங்களைச் சற்று வியப்புடன் பார்ப்பார். காவல் தெய்வத்தை அறியாதவரும் உண்டா என்பது அந்தப் பார்வையின் பொருள். ஊரையும் ஆடு மாடுகளையும் காப்பவர், வேட்டைக்குப் போகிறவர், இரவில் எல்லையைச் சுற்றி வருகிறவர் என்று விவரம் கிடைக்கும். அவர் பெயரை அந்தப் பக்கத்தில் தங்கள் பிள்ளைகளுக்கு வைக்காத கிராமம் அபூர்வம். ஆனால், அவர் எந்த ஊரில் பிறந்தார், யாருடைய மகன், எப்படித் தெய்வமானார் என்று கேட்டால், ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு கதை. சில ஊர்களில் கதையே கிடையாது. பூசை மட்டும் உண்டு.

விசித்திரம் என்னவென்றால், சாமியின் பூர்வோத்தரம் அந்தச் சாமியின் தலைமாட்டிலேயே எழுதியிருக்கிறது! படிப்பதற்குத்தான் ஆள் இல்லை. ஏனென்றால் அது வட்டெழுத்தில் எழுதியது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் பெரும் பகுதியில் வழங்கிய அந்த எழுத்து வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

ஒரு வீரனும் ஒரு நாயும்

கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆம்பூர் முதலிய இடங்களில் இத்தகைய கற்கள் சிலவற்றைப் படித்து வெளியிட்டார்கள். எனினும் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் தமிழ்நாடு அரசின் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் செங்கம் வட்டாரத்தில் ஊர் ஊராக நடந்து தேடினார்கள். எண்ணெயைத் துடைத்து, மஞ்சளைக் கழுவி, காகிதத்தில் மைப்படி எடுத்தபோது, வேடியப்பன் ஒருவர் அல்ல, பலர் என்பது வெளியாயிற்று. இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூல் 1972-இல் வெளிவந்தது. மரத்தடியில் பெயரிழந்து நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சொந்தப் பெயருடன் அந்த நூலில் எழுந்து நின்றார்கள்.

அவர்களில் ஒருவனை மட்டும் இங்கே அறிமுகப்படுத்துகிறேன். எடுத்தனூர் என்பது திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர். அங்குள்ள கல், மகேந்திரவர்மப் பல்லவனின் முப்பத்து நான்காவது ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. மண்டகப்பட்டில் குகைக் கோயில் குடைந்தவனும், 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நாடகம் எழுதியவனுமான அதே மகேந்திரனேதான். வாணகோ அரைசர் என்னும் சிற்றரசரின் மருமக்களான பொற்றொக்கையார் என்பவரிடம் ஏவலில் இருந்த இளமகன் ஒருவன், எருமை மந்தையின் பக்கத்தில் போரிட்டு விழுந்தான் என்று அந்தக் கல் சொல்கிறது. அவன் பெயர் கருந்தேவக்கத்தி.

கல் இதோடு நின்றுவிடவில்லை. வீரனுடைய உருவத்துக்கு அருகில் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் தனியாக ஒரு வாசகம் உண்டு. கோவிவன் என்னும் நாய், இரண்டு கள்வரைக் கடித்துக் காத்திருந்த விதம் இது என்பது அதன் கருத்து.

எஜமானன் கீழே கிடக்கிறான். மந்தை கலைந்து ஓடுகிறது. அந்த நாய் மட்டும் ஓடவில்லை. நடந்ததைப் பார்த்த யாரோ ஊரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். கேட்ட ஊரார், "நாய்தானே" என்று விட்டுவிடவில்லை. தச்சன் உளியை எடுத்தபோது, அதன் பெயரையும் சேர்த்து வெட்டச் சொன்னார்கள். அரண்மனை வாசலில் மெய்க்கீர்த்தி பாடியவர்கள் எத்தனையோ அரசர்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் இன்று சந்தேகத்தோடுதான் படிக்கிறோம். கோவிவன் இரண்டு கள்வரைக் கடித்ததைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. நாய்க்காகப் பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

பழைய வழக்கம்

வீரனுக்குக் கல் நடும் வழக்கம் பல்லவர் காலத்தில் தோன்றியது அன்று. தொல்காப்பியம் அதற்குரிய படிகளை வரிசையாகக் கூறுகிறது: தகுந்த கல்லைத் தேடிக் காணுதல் காட்சி, அதைக் கொள்ளுதல் கால்கோள், நீராட்டுதல் நீர்ப்படை, பின்பு நடுதல், அதற்குப் பெருஞ்சிறப்புச் செய்தல் பெரும்படை, முடிவில் வாழ்த்தல். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காதைகளின் பெயர்களைப் பார்த்தாலே இந்த முறை விளங்கும். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்காக இமயத்தில் கல் எடுத்துக் கங்கையில் நீராட்டியதும், ஒரு கிராமத்தார் தங்கள் இளைஞனுக்காகப் பக்கத்துக் குன்றில் கல் எடுத்து ஏரியில் நீராட்டியதும் ஒரே சடங்குதான். தூரத்தில்தான் வித்தியாசம்.

'மலைபடுகடாம்' என்னும் நூலின் தலைவனான நன்னனது ஊர் செங்கண்மா. அதுவே இன்றைய செங்கம் என்பர். அவனிடம் பரிசு பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் புலவர், பாதையில் எதிர்ப்படும் நடுகற்களை வணங்கிச் செல்லும்படி கூறுகிறார். எந்த ஊர்ப் பாதையில் நடுகல் உண்டு என்று அவர் சொன்னாரோ, அதே ஊர்ப் பக்கத்தில் நடுகற்கள் கூட்டம் கூட்டமாக அகப்பட்டது பெரிய அதிசயந்தான். தகடூர் அதியமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியதும் ஒரு நடுகல்லின் முன்னால்தான். மலை சூழ்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்க மறுத்தவன், இனிச் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளை ஏற்றுக்கொள்வானோ என்று அவர் புலம்பினார். அந்தத் தகடூர்தான் இப்போது தருமபுரி. அங்குள்ள அகழ்வைப்பகத்தில் இன்று நடுகற்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன.

புலவர்கள் கூறியது கற்பனையாக இருக்கலாமே என்று சந்தேகித்தவர்களுக்கும் 2006-இல் விடை கிடைத்தது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டை ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் பட்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்ட கல் என்று கூறுகிறது. அதில் உருவம் கிடையாது, எழுத்து மட்டுமே. கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். அங்கிருந்து பல்லவர் காலம் வரையில், பின்னர் நாயக்கர் காலம் வரையிலும்கூட, இந்த வழக்கம் அறாமல் வந்திருக்கிறது.

மாட்டுக்காக ஒரு மரணம்

இவ்வளவு பேர் எதற்காக இறந்தார்கள்? பெரும்பாலும் மாட்டுக்காக!

பட்டணத்து வாசிகளுக்கு இது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மேட்டு நிலமும் புதர்க் காடுமான அந்தப் பிரதேசத்தில் மாடுதான் பணம், மாடுதான் உணவு, மாடுதான் பெண்ணுக்குச் சீர். 'மாடு' என்ற சொல்லுக்கே தமிழில் செல்வம் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதோடு, செங்கமும் தருமபுரியும் பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் ஆகிய பல அரசர்களின் எல்லைகள் உரசிக்கொண்ட இடம். பெரிய அரசர்கள் போர் தொடங்குமுன் எதிரியின் ஆநிரையைக் கவர்வது வழக்கம். பெரிய போர் நடந்ததோ இல்லையோ, முதல் அடி விழுந்தது மாட்டுக் கொட்டிலின் மேல்தான்.

ஆகவே கற்களில் அடிக்கடி காணும் சொல் 'தொறு'. தொறு என்றால் பசு மந்தை. இன்னார் தொறுக் கொண்ட பொழுது, இன்னான் தொறு மீட்டுப் பட்டான் என்பதுதான் பல கற்களின் வாசகம். பட்டான் என்றால் வீழ்ந்தான். எவ்வளவு சுருக்கம்! அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், தலைவன், இறந்தவன், இறந்த காரணம். ஓர் அடைமொழிகூட அதிகமில்லை. இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். மீட்டவனுக்கு மட்டுமல்ல, கவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. ஓர் ஊரின் கள்வன் பக்கத்து ஊரின் வீரன். வெட்சிக்கும் கரந்தைக்கும் தனித்தனியே பூ வகுத்த நம் முன்னோர், இறந்தவர்களுக்குக் கல் நடும்போது வேற்றுமை பாராட்டவில்லை.

சிற்பத்தைப் படிக்க வட்டெழுத்துத் தெரிய வேண்டியதில்லை. வீரனுடைய மார்பிலோ தொடையிலோ அம்பு தைத்திருந்தால், அவன் எப்படி இறந்தான் என்பது தெரிகிறது. காலடியில் மாடுகள் இருந்தால், எதற்காக என்பது தெரிகிறது. எதிரே புலி பாய்ந்தால் அது புலிகுத்திக் கல். கொங்கு நாட்டில் இவை அதிகம். காலடியில் சில இடங்களில் ஒரு சிறு கெண்டி காணப்படும். அது இறந்தவனுக்குப் படைத்த பானம். பிற்காலத்துக் கற்களில் மூன்று அடுக்குகள் உண்டு. கீழே சண்டை, நடுவில் தேவமாதர் இருபுறமும் தாங்கி வீரனை மேலே அழைத்துச் செல்வது, உச்சியில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருப்பது. எழுத்தறியாத தாயும் அந்தக் கல்லைக் கீழிருந்து மேலாகப் பார்த்து, தன் மகன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்று தெரிந்துகொள்ளலாம்.

வெறும் கல்லோடு ஊரார் கடமை முடிந்துவிடவில்லை. இறந்தவனுடைய குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். உதிரத்துக்கு ஈடான நிலம்! கன்னட நாட்டிலும் இதே பொருளுள்ள சொல் வழங்கி வந்தது.

சேவலுக்கும் கல்

கோவிவனை மட்டும் ஏதோ விதிவிலக்கு என்று எண்ண வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு சேவலுக்குக் கல் இருக்கிறது. முகையூர் மேற்சேரியின் சார்பில் களத்தில் இறங்கிய சேவல் அது. தொண்டை நாட்டு இந்தளூரில் இன்னொரு சேவல், கீழ்ச்சேரியைச் சேர்ந்தது, அதன் பெயர் பொற்கொற்றி. மேற்சேரியும் கீழ்ச்சேரியும் சேவல் விட்டுப் பந்தயம் ஆடிய ஆரவாரம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கற்களிலிருந்து நம் காதில் விழுகிறது.

நாய்க் கதைகளில் எல்லாம் சிறந்தது கன்னட நாட்டு ஆதகூரில் இருக்கிறது. தமிழருக்கு அது அவ்வளவு இனிப்பான கதை அல்ல. 949-இல் தக்கோலத்தில் சோழருக்கும் இராஷ்டிரகூடருக்கும் பெரும் போர் நடந்தது. இராஷ்டிரகூடரின் துணைவனான கங்க அரசன் பூதுகனால், சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தான். அந்தப் போரில் பூதுகன் பக்கத்தில் நின்று போரிட்டவன் மணலேரன் என்னும் வீரன். அவனுடைய பராக்கிரமத்தைக் கண்டு மகிழ்ந்த பூதுகன், "வேண்டியதைக் கேள்" என்றான். நாடு கேட்டிருக்கலாம், நகை கேட்டிருக்கலாம். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டை நாயை! பின்னொரு நாள் அந்தக் காளியைப் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மேல் ஏவினார்கள். இரண்டும் போராடி இரண்டும் மடிந்தன. காளிக்காக ஆதகூர்ச் சல்லேசுவரர் கோயிலின் முன்னால் கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டார்கள். அந்தக் கல்லில் நாயும் பன்றியும் கட்டிப் புரளும் காட்சியைச் சுற்றித்தான் தக்கோலப் போரின் செய்தியும் வெட்டப்பட்டிருக்கிறது. சோழ சரித்திரத்தின் மிகத் துயரமான நாளைப் பற்றி நமக்குச் சாட்சி சொல்வது ஒரு நாயின் சமாதிக் கல். இன்று அது பெங்களூர்ப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது.

கதை கட்டியது யார்?

கல் எழுத்தை மக்கள் மறந்தார்கள், கல்லை மறக்கவில்லை. எழுத்து இருந்த இடத்தில் கர்ண பரம்பரைக் கதை வந்து குடியேறிற்று.

கையில் வில் இருக்கிறதல்லவா? ஆகவே வேடன், வேடியப்பன். 'பட்டான்' என்ற சொல்லைக் கல்லில் படிக்க முடியாமற் போனாலும், தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளில் 'பட்டவன்' என்றே ஒரு சாமி வழங்குகிறது. இறந்துபட்டவன் என்பதே அதன் பொருள். சொல் எவ்வளவு பத்திரமாக வந்திருக்கிறது, பாருங்கள்! நடுகல்லுக்கும் முற்பட்ட பெருங்கற்காலத்துக் கல் திட்டைகளுக்கு, பஞ்ச பாண்டவர் வனவாசத்தில் தங்கிய வீடு என்று பெயர். சில ஊர்களில் குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்பார்கள். உயர்த்திய கையில் வளையலோடு நிற்கும் பெண்ணுருவக் கல், தீப்பாய்ந்த அம்மன் ஆயிற்று. இந்த இடத்தில் கதை பொய்யில்லை. கணவனுடன் தீயில் விழுந்த பெண்ணுக்கு நட்ட கல்தான் அது. ஆனால் அம்மன் என்று கும்பிடும்போது, அவள் விருப்பத்தோடு விழுந்தாளா, விழும்படி ஆயிற்றா என்ற கேள்வியும் மஞ்சளின் கீழே மறைந்து போகிறது. அந்தக் கற்களின் முன் நிற்கும்போது வணக்கத்தோடு வெட்கமும் வர வேண்டும்.

கர்ண பரம்பரை சில சமயம் சரித்திரத்தை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்குப் பெங்களூரே உதாரணம். ஹொய்சள மன்னன் வீர வல்லாளன் வேட்டையில் வழி தவறிப் பசியோடு ஒரு குடிசைக்கு வந்தானாம். அங்கிருந்த கிழவி வெந்த அவரைக் கொட்டையைக் கொடுத்துப் பசி தீர்த்தாளாம். அதனால் 'வெந்த கொட்டை ஊர்' என்று பொருள்படும் கன்னடப் பெயர் ஏற்பட்டு, அதுவே பெங்களூர் ஆயிற்றாம். கதை ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே பெங்களூருக்குத் தெற்கேயுள்ள பேகூரில், ஏறக்குறைய 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த வீரக்கல் ஒன்று இருக்கிறது. பெங்களூரில் நடந்த சண்டையில் இறந்தவனைப் பற்றி அது பேசுகிறது. வீர வல்லாளன் பட்டத்துக்கு வந்ததோ 1173-இல். கிழவி அவரைக் கொட்டையை அடுப்பில் ஏற்றுவதற்குச் சுமார் முந்நூறு வருஷம் முன்னாலேயே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது!

இதனால் கர்ண பரம்பரைக் கதையை ஏளனம் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெயரை அது தொலைத்தது, வருஷத்தைக் குழப்பியது, ஆனால் முக்கியமான ஒரு செய்தியை விடவில்லை. 'இவன் நம்மைக் காப்பாற்றினவன்' என்பதே அந்தச் செய்தி. கருந்தேவக்கத்தி எருமை மந்தையின் பக்கத்தில் விழுந்தான். வேடியப்பனிடம் இன்றைக்கும் மக்கள் வேண்டிக்கொள்வது, ஆடு மாடுகளைக் காக்க வேண்டும் என்பதுதான். வேடியப்பன் கோயிலில் வைக்கும் மண் நாய் கோவிவனுடைய சந்ததி என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த நாயைப் பார்க்கும்போது கோவிவன் நினைவு வராமல் இருப்பதும் கஷ்டம். படித்தவர்கள் பதின்மூன்று நூற்றாண்டுகளாக அறியாமல் இருந்ததை, படிக்காதவர்கள் அரைகுறையாகவேனும் நினைவில் வைத்திருந்தார்கள்.

காக்கும் கதையும் கெடுக்கும் கதையும்

இதுவரையில் சொன்னது கல்லின் பெருமை. இனிச் சொல்ல வேண்டியது அதன் ஆபத்து.

இந்தக் கற்கள் இத்தனை காலம் நின்றதற்குச் சர்க்கார் சட்டம் காரணமல்ல. சாமி பயமே காரணம். கல்லை அசைத்தால் மழை பெய்யாது, மாடு செத்துப் போகும், கண் அவிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் அவற்றுக்கு வேலி. அந்த நம்பிக்கை தளர்ந்த இடங்களில் நடுகல் வாய்க்கால் பாலமாயிற்று, துணி துவைக்கும் கல்லாயிற்று, வீட்டு வாசற்படியாயிற்று. சாலையை அகலப்படுத்துகிறவர்களுக்கும், குன்றை உடைத்து ஜல்லியாக்குகிறவர்களுக்கும், புல் முளைத்த ஒரு பலகைக் கல் ஒரு பொருட்டல்ல.

காக்கும் கதை ஒன்று என்றால், கெடுக்கும் கதை ஒன்றும் உண்டு. புரியாத எழுத்தைக் கண்டவர்கள், அது புதையலுக்கு வழி என்று சொல்லத் தொடங்கினார்கள். எழுத்தைப் படித்தால் பொற்குடம் இருக்கும் இடம் தெரியுமாம். படிக்க முடியாதவர்கள் கடப்பாரையை எடுத்தார்கள். இருட்டு வேளையில் கல்லைச் சாய்த்து அடியில் தோண்டினார்கள். மண்ணைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? மாடு மேய்ப்பவனோடு பொற்குடத்தை யார் புதைப்பார்கள்? உண்மையான புதையல் கல்லின் முகத்திலேயே இருந்தது. அதைத்தான் அவர்கள் உடைத்துவிட்டுப் போனார்கள்.

பக்தியும் சில சமயம் இடைஞ்சல் செய்கிறது. நாள்தோறும் எண்ணெய் பூசுவதால் அவ்வளவு கெடுதல் இல்லை. பணம் சேர்ந்ததும் சாமிக்குச் சிமெண்டுப் பூச்சும் பளபளக்கும் வர்ணமும் அடித்துவிடுகிறார்களே, அப்போதுதான் எழுத்துக்குச் சமாதி கட்டியாகிறது.

கற்களை எல்லாம் பெயர்த்துப் பொருட்காட்சிச் சாலையில் கொண்டுபோய் வைத்துவிடலாமே என்று சிலர் கூறுவார்கள். நாதியற்றுக் கிடக்கும் கல்லுக்கு, உடைபடப் போகும் கல்லுக்கு, அதுவே கதி. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அவ்வாறு உயிர் பிழைத்த கற்களைக் காணலாம். ஆனால் விளக்கு எரியும் கல்லை அங்கிருந்து எடுப்பது நியாயமா? பொருட்காட்சிச் சாலையில் அதற்கு ஓர் எண் கிடைக்கும், பொங்கல் கிடைக்காது. பதின்மூன்று நூற்றாண்டுகள் ஒரு வீரனைப் பசியாமல் பார்த்துக்கொண்ட ஊரிடமிருந்து அவனைப் பிரிக்க நமக்கு என்ன உரிமை?

செய்யக்கூடிய காரியம் மிகச் சுலபமானது. விளக்கு எரியும் கல் அங்கேயே இருக்கட்டும். துறையினர் எழுத்தைப் படித்து மைப்படி எடுத்து வைத்துக்கொள்ளட்டும். கல்லுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு பலகையில், இன்ன வருஷத்தில், இன்ன காரணத்துக்காக, இன்னான் இங்கே பட்டான் என்று இக்காலத் தமிழில் எழுதி வைக்கட்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் பிள்ளைகளை ஒரு மாலை வேளையில் அங்கே அழைத்துப் போகட்டும். பாடப் புத்தகத்தில் அசோகரையும் அக்பரையும் படிக்கும் பிள்ளை, தன் ஊர் மரத்தடியிலும் சரித்திரம் நிற்கிறது என்று அறிந்துகொள்ளட்டும். அதற்கப்புறம் புதையல் தேடுகிறவன் கடப்பாரையோடு வந்தால், அவனைத் தடுக்க ஊரிலேயே ஆள் இருக்கும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம்மில் அநேகருக்குக் குலதெய்வம் ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, அல்லது பிள்ளைக்கு முடியிறக்கும்போது, போய்வருகிறோம். அடுத்த முறை போகும்போது, பூசை முடிந்த பிற்பாடு, பூசாரியின் அநுமதியோடு கல்லைச் சற்று நிதானித்துப் பாருங்கள். கையில் என்ன இருக்கிறது? காலடியில் மாடு இருக்கிறதா? ஓரத்தில் எழுத்து ஏதாவது தென்படுகிறதா? தென்பட்டால், சுரண்டாமல், தேய்க்காமல், ஒரு படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். உங்கள் குலதெய்வத்தின் பெயர் இன்னும் படிக்கப்படாமல் இருக்கலாம்.

அரசர்கள் தங்கள் பெயரைத் தாங்களே வெட்டி வைத்துக்கொண்டார்கள். கருந்தேவக்கத்தியின் பெயரை வெட்டியவர்கள் மற்றவர்கள். அவனால் காப்பாற்றப்பட்டவர்கள், அவனுக்குப் பிறகும் அந்த எருமைகளைக் கறந்தவர்கள். அவர்களுடைய பெயர் எதுவும் கல்லில் இல்லை. செங்கத்துப் பக்கம் மரத்தடியில் யாரேனும் விளக்கேற்றினால், அவர்கள் தொடங்கிவைத்த காரியம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றே அர்த்தம்.